ஒரு வரி கீழே

அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு அதையே முறைத்துக்கொண்டு நிற்பவர்களைக் கண்டால் அக்காவுக்கு ஆகாது. "நீ மொறைச்சா சீக்கிரம் கொதிச்சிருமா? போய் கப்பைக் கழுவு" என்று விரட்டுவார். வானிலை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் என் எதிர்மேசை அவருடையது. மழையைக் கணிக்கும் கணினி நிரல் எழுதுவது அவர் வேலை. அது சொல்வதை அறிக்கையாகத் தட்டுவது என் பிழைப்பு.

அவர் நிரலில் வரைபடம் நானூறு துண்டு. துண்டுக்கு ஒரு கணினி. ஒவ்வொன்றும் தன் ஓரத்து எண்களைப் பக்கத்துக் கணினிக்கு அனுப்பிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்காமல் நடுப்பகுதிக் கணக்கைப் போடும். ஆனால் அனுப்பியவை கிளம்பிப் போய்விட்டன என்று உறுதியாகும்வரை, அவற்றின் மேல் புது எண்களை எழுதக் கூடாது. அதற்கென்றே 'இங்கே காத்திரு' என்று ஒரு வரி உண்டு. "வேலையைப் பாரு, வேணாங்கல. கொடுத்தனுப்புன பொருள்ல மட்டும் கை வைக்காத" என்பார்.

வீட்டிலும் இதே கூத்துதான். பால் வாங்கச் சொல்லிக் கணவருக்குச் செய்தி அனுப்புவார். மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார், துணி மடிப்பார். 'வாங்கிட்டேன்' என்று பதில் வராமல் தேயிலை டப்பாவைத் தொடமாட்டார்.

யானைக்கும் அடி சறுக்கும். போன வாரம் அந்தக் 'காத்திரு' வரியை அவரே ஒரு வரி கீழே, புது எண்களை எழுதும் வரிக்குப் பின்னால் தள்ளிவிட்டார். நிரல் ஒன்பது நிமிடம் முன்னதாகவே ஓடி முடிந்தது. நாலே கணினியில் சோதித்தபோது விடையும் பிசகவில்லை. இயக்குநருக்கு வாயெல்லாம் பல்.

செவ்வாய்க்கிழமை காலை, மலைப்பக்கம் லேசான தூறல் என்று அணைக்குச் சொன்னோம். அணை ஏற்கெனவே முக்கால்வாசி நிறைந்திருந்தது. பத்து மணிக்கு, காலையில் கொடுத்த அதே எண்களோடு நிரலை மறுபடி ஓட்டினார் அக்கா. விடை வேறு. இன்னொரு முறை, அதுவும் வேறு. திரையைப் பார்த்தபடி, "அடிப்பாவி, எண்ணு கிளம்பறதுக்குள்ள மேல எழுதிட்டேனே" என்றார். முகம் வெளுத்துவிட்டது.

வரியை மேலே ஏற்றி நிரலை ஓடவிட்டார். முடிய நாற்பது நிமிடம் ஆகும். இயக்குநர் ஓடி வந்தார். "சரியான எண் வரட்டும்மா, அப்புறம் சொல்லலாம். இப்பவே சொன்னா நம்ம மானம் போயிரும்."

அக்கா அதற்குள் அணைப் பொறியாளரை அழைத்திருந்தார். "சார், காலைல கொடுத்த கணிப்பை நம்பாதீங்க. புதுசு நாப்பது நிமிஷத்துல வரும். அதுவரைக்கும் சும்மா இருக்காதீங்க, ஆத்தோரம் இருக்கறவங்களை மேட்டுக்கு ஏத்துங்க."

கனமழை என்றுதான் வந்தது புதுக் கணிப்பு. மதகுகளை நண்பகலிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார்கள். மாலையில் ஆற்றோரத் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். வீடுகளில் ஒரு ஆள்கூட இல்லை.

மறுநாள் மேலிடத்தில் விளக்க அறிக்கை கேட்டார்கள். இயக்குநர் என் பக்கத்தில் நின்று, "காரணம், கணினிக் கோளாறு. அவ்வளவு போதும்" என்று சொல்லச் சொல்லத் தட்டினேன். நல்ல மனிதர், அக்காவைக் காப்பாற்றத்தான் பார்த்தார்.

அக்கா எழுந்து வந்தார். என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, 'கணினிக் கோளாறு' என்பதை எழுத்தெழுத்தாக அழித்துவிட்டு, அந்த இடத்தில் தன் பெயரைத் தட்டினார்.