சரி என்று எழுதிய சீட்டு

மின்வேலை பார்க்கப் போகிற பதினோரு கடைகளிலும் அவளுக்கு ஒரே பெயர்தான்: எர்த்தக்கா. பில் போடும் கம்ப்யூட்டர்களை இணைக்கிற நெட்வொர்க் பெட்டி எங்கே இருக்கிறதோ அங்கே போய் நின்று, "எர்த் சரியா இருக்கா?" என்றுதான் பேச்சையே தொடங்குவாள். வாய்க்கு வாய் சொல்லிச் சொல்லி அதுவே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. வீட்டுக்காரர்கூடப் போனில் அப்படித்தான் பதிந்து வைத்திருந்தார். கட்டியவரே இப்படி என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன?

வேலையில் அவள் கறார். யுபிஎஸ் மின்சாரத்துக்குச் சிவப்பு சாக்கெட். அதன் தலையில் 'இதில் எதையும் சொருகாதே' என்று ஒரு ஸ்டிக்கர். இடி விழுந்தால் கம்பி வழியாகப் பாய்ந்து வரும் மின்சாரத்தை மண்ணுக்குள் திருப்பிவிடச் சுவர்ப்பெட்டிக்குள் ஒரு சின்னக் கட்டை இருக்கும். அதன் கண் பச்சையாக இருந்தால் உயிரோடு இருக்கிறது. சிவந்துவிட்டால் கதை முடிந்தது, மாற்றியாக வேண்டும். மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்து, உட்புறத்தில் பென்சிலால் தேதி போட்டுவிட்டு, வெளியே 'பாதுகாப்பு சரி' என்று ஒரு சீட்டைத் தொங்கவிடுவாள்.

இங்கேதான் ஒரு கோளாறு. கடையில் நின்று சீட்டு எழுத நேரம் ஏது? மாதம் பிறந்ததும் மகளை உட்காரவைத்துப் பதினோரு சீட்டையும் முத்து முத்தாக எழுதி வாங்கிவிடுவாள். பார்ப்பதற்கு முன்பே சரி! பிள்ளை பிறக்குமுன் பெயர் வைத்த கதைதான். ஆறு வருடத்தில் இது ஒரு தப்பாகவே அவளுக்குப் படவில்லை.

அன்று மதியம் மழையோடு ஒரு பெரிய இடி. சற்று நேரத்தில் சூப்பர்மார்க்கெட் மேனேஜரிடமிருந்து போன். போய்ப் பார்த்தால் நான்கு பில் கவுண்டரும் படுத்துவிட்டன. நெட்வொர்க் பெட்டி கருகிக் கிடந்தது. பக்கத்துச் சிவப்பு சாக்கெட்டில் தரை துடைக்கும் மெஷினின் ஒயர். அந்த மெஷின்காரப் பெண் சுவரோரம் கைகட்டி நின்றாள்.

"பாருங்கக்கா, இவ பண்ண வேலைய. உங்க சீட்டுல எல்லாம் சரின்னு இருக்கு. அப்ப இவளாலதானே எரிஞ்சுது? நாளைலேர்ந்து வராதேன்னு சொல்லிட்டேன்" என்றார் மேனேஜர்.

"நான் வேணும்னு பண்ணல சார்" என்றாள் அந்தப் பெண். ஏழை சொல் அம்பலம் ஏறுமா? மேனேஜர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எர்த்தக்கா சுவர்ப்பெட்டியைத் திறந்தாள். கட்டையின் கண் சிவந்திருந்தது. இன்றைக்குச் செத்திருந்தால் கருகிய வாடை அடிக்கும். இதில் தூசி வாடைதான். மூடியின் உட்புறத்தில் போன மாதத் தேதி இல்லை. போன மாதம் கடையில் ஒரே கூட்டம், பெட்டியை மறித்துச் சரக்கு அட்டைகள் அடுக்கியிருந்தார்கள். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று, திறக்காமலே மகள் எழுதிய சீட்டை மாட்டிவிட்டுப் போனது அவள்தான்.

தரை மெஷினைச் சொருகினால் யுபிஎஸ் பாரம் தாங்காமல் அணைந்துபோகும். நெட்வொர்க் பெட்டி எரியாது. இது அந்தக் கடையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. பதினோரு கடைக்கும் ஒரே முதலாளி. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதைக் காதால் கேட்டிருக்கிறாள். பாவத்தின் பக்கம் தானே நிற்பது இதுதான் முதல் தடவை.

"சார், இந்தப் பொண்ணு மேல தப்பில்ல. இடியிலதான் எரிஞ்சிருக்கு. அதைத் தடுக்க வேண்டிய கட்டை எப்பவோ செத்துப்போச்சு. போன மாசம் நான் திறந்தே பாக்கல."

"அப்ப இந்தச் சீட்டு?"

"அது வீட்லயே எழுதினது சார்."

மேனேஜர் சீட்டைப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது முகம் கொடுத்துப் பேசவில்லை.

"அவ வரட்டும்னுட்டாரு முதலாளி. நீங்க இந்த மாசத்தோட போதுமாம். பதினோரு கடையும்தான்."

தலையாட்டிவிட்டு வேலையில் இறங்கினாள். புதுக் கட்டை, மாற்று நெட்வொர்க் பெட்டி, எர்த் கம்பி என்று எல்லாம் மாட்டி முடித்தாள். கவுண்டர்கள் உயிர் பெற்றன. அவள் கோபம் மட்டும் தணியவில்லை. அதை இறக்க அந்தப் பெண்தான் கிடைத்தாள்.

"சொருகாதேன்னு அவ்ளோ பெருசா எழுதி ஒட்டியிருக்கேனே, ஏம்மா சொருகின?"

"சொருகாதேன்னு எழுதியிருக்கீங்க. எங்க சொருகணும்னு எழுதலையேக்கா" என்றாள் அவள். "வேற சாக்கெட்டு அந்தக் கோடியில இருக்கு. ஒயர் எட்டாது."

எர்த்தக்கா ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். எட்டவில்லை. ஆறு வருடமாக மாதம் தவறாமல் வந்துபோன இடம்.

பையைத் துழாவினாள். வெள்ளை சாக்கெட் ஒன்று அகப்பட்டது. சாதாரண மின்சார லைனிலிருந்து இழுத்து, தூண் ஓரமாக அதைப் பொருத்தினாள். மெஷினைச் சொருகி, கடை நீளத்துக்கும் ஓட்டிப் பார்க்கச் சொன்னாள். அது ஒரு சுற்று சுற்றி வந்தபிறகுதான் பேனாவை எடுத்தாள். மகள் கையெழுத்துபோல இல்லை, கோணல் மாணலாகத்தான் வந்தது: 'இதில் சொருகலாம்.'