ஒழுகும் வீட்டுக்குத் திருப்தி

பதுளையில் ஆசிரியர்களுக்கான கூட்டம். "இருப்பதை வைத்துத் திருப்தியாக வாழுங்கள்" என்று பேச்சாளர் சொல்லிக்கொண்டிருந்தபோது மண்டபத்தின் தகரக் கூரையில் மழை சடசடவென்று இறங்கியது. என் பத்து வயது நினைவுக்கு வந்துவிட்டது.

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான எங்கள் லயத்துக் கூரை முழுக்க ஓட்டை. மழை வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு, ஈர விறகு புகையும் அடுப்பு மூலையில் ஒண்டியிருப்போம். அங்கேயும் அம்மா எங்களைச் சிரிக்கவைப்பாள். ஒருநாள் லயத்தைப் பார்க்க வந்த தோட்டத்து அதிகாரி அவளுக்கு இதே புத்திமதியைச் சொன்னார்.

"சந்தோஷமாத்தாங்க இருக்கோம்," என்றாள் அம்மா. "நனைஞ்சுக்கிட்டு இருக்கோம். தகரத்த மாத்திக் குடுங்க."

அவர் அடுத்த லயத்தைப் பார்க்கப் போய்விட்டார். மறுநாள் அம்மா கொழுந்து பறிக்கப் போகவில்லை. லயத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு தோட்டத்து ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் நாள் புதுத் தகரம் வந்தது. அடுத்த மழைக்கு அவள் நடுவீட்டில் காலை நீட்டிப் படுத்தாள்.

"அந்தாள இப்ப வந்து சொல்லச் சொல்லு. கேக்குறேன்," என்றாள்.

அந்த அதிகாரி ஒருநாளும் வீட்டுக்குள் நனைந்தவரில்லை. இந்தப் பேச்சாளரும் அப்படித்தான். நான் எழுந்து நின்றேன்.

"சார், எங்க ஸ்கூல்ல பொம்பளப் புள்ளைங்களுக்குக் கக்கூஸ் இல்ல. அவங்களத் திருப்தியா இருக்கச் சொல்லவா?"

அவர் தண்ணீர் குடித்தார். எனக்குப் பின்னால் இன்னும் மூன்று ஆசிரியைகள் எழுந்தார்கள்.