விருந்தாளி எழுதிய ஏழு

பதினோரு தனியார் கிளப்புகளில் அவள் கோல்ஃப் ஆடியிருக்கிறாள். ஒன்றில்கூட உறுப்பினர் இல்லை. பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செட் செய்து கொடுக்கும் சின்ன லேப் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்ப்பவளுக்கு உறுப்பினராகும் ஆசையெல்லாம் எட்டாத உயரம். மெழுகில் பல்லை நட்டு, மேல்வரிசையும் கீழ்வரிசையும் சரியாகக் கடிக்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் செதுக்குவாள். மயிரிழை பிசகினாலும் போட்டுக்கொள்பவரின் ஈறு புண்ணாகிவிடும்.

ஆட்டம் கற்றது பொது மைதானத்தில். அவள் கணவர் அங்கே புல்வெட்டும் வண்டி ஓட்டுகிறார். கல்யாணமான புதிதில் அவருக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோன ஒரு நாள், யாரோ விட்டுப்போன மட்டையை எடுத்துச் சும்மா ஒரு பந்தைத் தட்டினாள். நூல் பிடித்தாற்போல் நேராகப் போய் விழுந்தது.

"இன்னொண்ணு அடி, பாக்கலாம்," என்றார் அவர்.

அதுவும் அப்படியே. அன்றிலிருந்து மைதானத்தில் அவளுக்கு 'நேர்கோடு' என்றே பேராகிவிட்டது. தொலைவாக அடிக்க வராது. கோணலாக அடிக்கவும் வராது.

ஆனால் கிளப்புக்காரர்கள் அவளைத் தேடிக் கூப்பிட்டதற்கு ஆட்டம் மட்டும் காரணமில்லை. விருந்தாளியாக இருப்பதும் ஒரு திறமை, அது அவளுக்குக் கைவந்திருந்தது. கால்மணி நேரம் முன்னதாகவே வந்து, அழைத்தவர் வரும்வரை வாசலில் நிற்பாள். மட்டை பெயர்த்த புல்லை எடுத்து அதே இடத்தில் வைத்து மிதித்துவிடுவாள். மணல் பள்ளத்தில் இறங்கினால் தன் காலடியோடு முன்னால் போனவரின் காலடியையும் சேர்த்து வாரிவிட்டுத்தான் ஏறுவாள். புல்வெட்டுகிறவர்களைக் கண்டால் நின்று இரண்டு வார்த்தை பேசுவாள். கூசவும் மாட்டாள், குழையவும் மாட்டாள்.

அவளை முதன்முதலில் கூட்டிப்போனவர் ஒரு பல் டாக்டர். லேப்புக்கு வரும் வேலையில் பாதி அவருடையது. அவர் கிளப்பில் வருடத்துக்கு ஒரு நாள் விருந்தாளிப் போட்டி. உறுப்பினரும் விருந்தாளியும் ஒரு ஜோடி. இருவர் அடிகளையும் கூட்டினால் எந்த ஜோடிக்குக் குறைவோ அவர்களுக்குக் கோப்பை. ஒருவருடைய அடிகளை மற்றவர்தான் அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பதினாலு வருடமாக அந்தக் கோப்பை டாக்டர் கைக்கு வரவில்லை.

அவளைக் கூட்டிப்போன அந்த வருடம் வந்துவிடும் போலிருந்தது. மொத்தம் பதினெட்டில் பதினாறாவது குழியில் டாக்டரின் பந்து புதருக்குள் போனது. உள்ளே குனிந்து ஒரு வீசு வீசினார். பந்து ஒரு சாண் நகர்ந்து இலைக்கடியில் சிக்கியது. அடுத்த அடியில்தான் வெளியே வந்தது.

குழியை முடித்ததும் டாக்டர், "எனக்கு ஆறு, எழுதிக்கோங்க," என்றார்.

"ஏழு டாக்டர்."

"புதருக்குள்ள ஒண்ணு சும்மா வீசிப் பாத்தேன். அது சேத்தியில்ல."

"பந்து நகந்துச்சு டாக்டர்."

"யாரு பாத்தா?"

"நான்தான் பாத்தேன்."

டாக்டர் முகம் சிவந்தது. "நீங்க யாரோட கெஸ்ட்டுன்னு ஞாபகம் இருக்கா?"

லேப் முதலாளியின் முகம் அவள் கண்முன் வந்து போனது. "இருக்கு டாக்டர். அதனாலதான் இங்கேயே சொல்றேன். அங்க அட்டை குடுக்கிற எடத்துல நாலு பேர் முன்னாடி கையெழுத்துப் போடமாட்டேன்னு நின்னா உங்களுக்குத்தான் சங்கடம்."

"ஏழே போடுங்க," என்று சொல்லிவிட்டு அவர் விறுவிறுவென்று நடந்தார்.

ஒரே ஒரு அடியில் தோற்றார்கள். பரிசு கொடுக்கும்போது டாக்டர் வேறு மேசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். உறுப்பினர் கையெழுத்தில்லாமல் விருந்தாளிக்கு அங்கே ஒரு டீகூடக் கிடைக்காது. ஜெயித்தவர்களுக்கு மனசாரக் கைதட்டிவிட்டு, குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு, மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் பிடித்தாள்.

"ஆறுன்னே போட்டிருக்கலாம்ல?" என்றார் கணவர், வீட்டில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு.

"போட்டிருக்கலாங்க. கை வரல."

"வராத கையை என்ன பண்றது, விடு," என்று பையை வாங்கி உள்ளே வைத்தார்.

மூன்று வாரம் டாக்டரிடமிருந்து லேப்புக்கு ஒரு வேலையும் வரவில்லை. முதலாளி கேட்டதும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் பிடரியைச் சொறிந்துகொண்டார். "நீ போட்ட செட்டு ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லம்மா. எங்க போயிடுவார்?" என்று மட்டும் சொன்னார். அவர் குரலிலும் தெம்பில்லை.

நாலாவது திங்கட்கிழமை, பல் அச்சு வைத்த டப்பாவோடு டாக்டரே வந்து நின்றார். வழக்கமாக ஆள் மூலம்தான் அனுப்புவார். டப்பாவை மேசையில் வைத்தார், நகர்த்தினார், மறுபடி நகர்த்தினார்.

"உங்க மேல பயங்கரக் கோவத்துல இருந்தேன். அப்புறம், சரி, ஒழுங்காதான் எண்ணிப் பாப்போமேன்னு மூணு வாரம் தனியா ஆடினேன்." மூக்கைத் தடவிக்கொண்டார். "நான் நெனச்சதைவிட ரொம்ப மோசமா ஆடுறேம்மா."

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அவரும் சிரித்துவிட்டார்.

"அன்னிக்கு நான் பேசினது தப்பு," என்றார் பிறகு. "அடுத்த வருஷமும் நீங்கதான் வரணும்."

"வரேன் டாக்டர். ஆனா எண்ணுவேன்."

"எண்ணத்தானே கூப்பிடுறேன்."

அடுத்த வருடம் இருபத்திரண்டு ஜோடிகளில் பத்தொன்பதாவதாக வந்தார்கள். நாலாவது குழியில் பந்து அவரைப் பாடாய்ப் படுத்தியது. ஒருவழியாக அது உள்ளே விழுந்ததும், அவள் கேட்குமுன்பே, பக்கத்து ஜோடியும் திரும்பிப் பார்க்கும்படி, "ஒம்பது!" என்று சத்தமாகச் சொன்னார் டாக்டர்.

அவள் மனதுக்குள் ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். ஒன்பதுதான். எழுதிக்கொண்டாள்.