முழங்கை வரை

லாரியின் ஏணியில் ஏறி, சட்டைக் கையைச் சுருட்டி, இரும்புத் தாதுக் குவியலுக்குள் வலது கையை முழங்கை வரை விட்டுத் துழாவுகிறார். ஒரு பிடி எடுத்து டப்பாவில் போட்டு மூடுகிறார். சுரங்க வாசலில் மாதிரி எடுப்பதுதான் இவர் வேலை. ஒரு நாளைக்கு நாற்பது லாரி. கீழே டிரைவருக்குப் பொறுமை போய்விட்டது. "என்னய்யா, புதையலா தேடறே?"

அந்த மண்ணைச் சூடாக்கித்தான் தாதில் எவ்வளவு ஈரம் என்று பார்ப்பார்கள். மத்திய அரசு தன் பங்கை லாரிக்கு இவ்வளவு என்று முதலிலேயே எடுத்துக்கொண்டுவிடும். மாகாணத்தின் பங்கு, ஈரம் கழித்த எடைக்குத்தான். புழுதி பறக்காமலிருக்க லாரியின் மேல் தண்ணீர் அடிப்பதால் மேல்மண் எப்போதும் சொதசொதவென்றிருக்கும்; அதை எடுத்தால் ஈரம் கூடுதலாகக் காட்டி, மாகாணத்தின் பங்கு குறைந்துவிடும். அதனால் முழங்கை ஆழத்தில் எடுக்க வேண்டும் என்பது விதி. ஒன்பது வருஷம் இந்த மனிதர் மேலாக வழித்துப் போட்டிருக்கிறார்; அவரே சொன்னது.

"யாராவது காசு கொடுத்தார்களா?" என்று, சுரங்கத்தைப் பார்க்கப் போயிருந்த நான் கேட்டேன்.

"கொடுத்திருந்தா திருடன்னாவது சொல்லிக்கலாம் சார். வெறும் சோம்பேறித்தனம். குனிஞ்சா இடுப்பு பிடிச்சுக்கும். மேல இருக்கறதும் மண்ணுதானேன்னு விட்டுட்டேன்."

என் முகத்தைப் பார்க்காமல் டப்பா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். நன்றாகத் திட்டலாம் என்று வாயெடுத்தவன், அடுத்த டப்பாவை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

போன மாதம் ஊர்க் கூட்டத்தில் இவருடைய தங்கை எழுந்து, தெருவுக்குக் குழாய் ஏன் வரவில்லை என்று கேட்டாள். மாகாண அதிகாரி காகிதத்தைப் புரட்டினார். "உங்க சுரங்கத்துத் தாதுல ஈரம் ஜாஸ்திம்மா. அதைக் கழிச்சு வந்த பங்கு குழாய்க்குப் பத்தல."

"மண்ணுக்குள்ள அவ்வளவு தண்ணி இருக்கு, எங்களுக்குக் குடிக்க இல்லையா?"

கூட்டம் சிரித்தது. கடைசி வரிசையில் அண்ணன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். "அப்படியே பூமிக்குள்ள போயிடலாமான்னு இருந்துச்சு சார்." மறுநாளிலிருந்து முழங்கை வரை விடுகிறார். தங்கையிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. முன்பின் தெரியாத என்னிடம் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

வேலை முடிந்து அவள் வீட்டுக்கு என்னையும் கூட்டிப்போனார். இரண்டு குடம் சுமந்து அப்போதுதான் வந்திருந்தாள், மூச்சு இரைத்தது. இறக்கி வைத்ததும் முதல் செம்பை மொண்டு அண்ணனிடம் நீட்டினாள்.

"கையக் கழுவுண்ணா. அதென்ன, இத்தனை வருஷமா விரல்லதானே மண்ணு இருக்கும், இப்போ முழங்கை வரைக்கும் இருக்கு?"

அவர் செம்பை வாங்கவில்லை. சுருட்டிய சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டு, பொத்தானைப் போட்டுக்கொண்டார்.