பத்து நிமிடச் சுமை

மச்சினன் சக்கர நாற்காலிச் சாய்தளத்துக்கு நீலப் பெயிண்ட் அடித்துவிட்டான் என்பது, பல்கலைக்கழகத்துக்குள் வண்டியை நிறுத்தித் தார்ப்பாயை அவிழ்த்தபோதுதான் வெல்டருக்குத் தெரிந்தது.

"பெயிண்ட் அடிக்காம கொண்டுவரச் சொன்னாங்கன்னு எத்தனை தடவ சொன்னேன் மாப்ள?"

"பெரிய இடத்துக்குப் போறோம் மாமா. துருவோட போய் நின்னா நம்மள யாரு மதிப்பா? மூணு கோட்டிங் அடிச்சிருக்கேன்."

தன் கல்யாணத்துக்குக்கூட அவன் அவ்வளவு சிரத்தையாகத் தயாரானதில்லை.

வெல்டர் இருபத்திரண்டு வருடங்களாக இரும்புக் கதவும் ஜன்னல் கம்பியும் செய்தவர். ரெடிமேட் கதவுகள் கடைகளுக்கு வந்தபிறகு, பட்டறையில் வேலை இருந்த நாளைவிட இல்லாத நாளே அதிகம். அந்தச் சமயத்தில்தான் அவருடைய அக்கா சக்கர நாற்காலிக்கு வந்தாள். அவள் தன் வீட்டு மூன்று படிகளைத் தாண்ட முடியாமல் தவித்ததைப் பார்த்து, பெட்டிபோல மடித்து வைக்கிற ஒரு சாய்தளம் செய்துகொடுத்தார். அது பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியையின் கண்ணில் பட்டது. பன்னிரண்டு வேண்டும் என்றார் அவர். ஆனால் அது சுமை தாங்கும் என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதித் தர வேண்டும். பள்ளியின் நிர்வாகக் கூட்டம் வியாழக்கிழமை. இன்று புதன். இந்த வேலை கிடைக்காவிட்டால் பட்டறையை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை.

பல்கலைக்கழகத்தில் சிறுதொழில் ஆலோசனை மையம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு அதுவரை தெரியாது. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அங்கே என்ன வேலை என்று வாசலிலேயே தயங்கி நின்றவர் அவர். மையத்தின் பெண் ஆலோசகர் தானே இரண்டு முறை பட்டறைக்கு வந்தார். கவிழ்த்த பீப்பாய்மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு இணைப்பையும் அளந்து வரைந்துகொண்டார். பரிசோதனைக் கூடத்தில் இந்த ஒரு மணி நேரத்தை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

இப்போது அவர் நீலச் சாய்தளத்தின் கீல் ஒன்றை விரலால் தடவிப் பார்த்தார்.

"வெல்டிங்கைக் கண்ணால பாக்கணும்னுதானே வேண்டாம்னு சொன்னேன்?"

கூடத்துப் பரிசோதகர் கடிகாரத்தைப் பார்த்தார். "திருப்பி அனுப்பினா அடுத்த தேதி ரெண்டு மாசம் கழிச்சுதான் மேடம். சுமை வச்சுப் பாத்துடலாம். தாங்கினா தாங்கினதுதான்."

விரித்து வைத்த சாய்தளத்தின் நடுவில் இயந்திரத்தின் தண்டு இறங்கியது. திரையில் எண் ஏறியது. நூறு. இருநூறு. முந்நூறு கிலோவில் நின்றது. அதை அப்படியே பத்து நிமிடம் தாங்க வேண்டும். எண்ணெய்ப் பம்பு ஒரே இரைச்சல். மச்சினன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

ஏழாவது நிமிடத்தில் 'டிக்' என்றது.

நகத்தால் சுண்டிய அளவுதான். பம்பு இரைச்சலில் வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. திரையில் எண் அசையவில்லை. ஆனால் இரும்பு எப்போது எப்படிப் பேசும் என்று அவருக்குத் தெரியும். பற்றவைத்த இடம் விட்டுக்கொடுக்கும்போதுதான் அந்தச் சத்தம் வரும். வலப்பக்கக் கீல். மூன்று கோட்டிங் நீலத்துக்கு அடியில்.

எட்டு. ஒன்பது. வேறு ஏதாவது சத்தமாக இருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். பத்து.

"பாஸ்," என்று பரிசோதகர் பேனாவைத் திறந்தார். மச்சினன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

வெல்டர் ஓரடி முன்னால் வந்தார். தாளில் பேனா ஓட ஆரம்பித்தது.

"சார், எழுதாதீங்க."

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஒரு சத்தம் வந்துச்சு. அந்தக் கீல்கிட்ட பெயிண்டைச் சுரண்டிப் பாக்கணும்."

"மாமா," என்றான் மச்சினன் மெதுவாக. "தாங்கிருச்சுன்னு அவங்களே சொல்றாங்க."

வெல்டர் உளியை வாங்கிச் சுரண்டினார். நீலம் உரிந்து விழுந்தது. பளபளத்த இணைப்பின் குறுக்கே தலைமுடிபோல ஒரு கோடு.

மச்சினன் முகத்தில் ஈயாடவில்லை. "அந்த வெல்டிங் நான் வச்சதில்ல மாமா," என்றான் கடைசியில். "நீங்க வச்சது."

அவர்தான். வெல்டிங் ராடு நேராகப் போகாத மூலை அது. கதவுக் கீலில் இருபத்திரண்டு வருடமாக ராடைச் சாய்த்துத்தான் பற்றவைக்கிறார், ஒன்றுகூட விட்டதில்லை. கதவின்மேல் யாரும் ஏறி நின்றதில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

"ராடு அங்க நேரா போகணும்னா என்ன செய்யணும்?" என்று ஆலோசகர் கேட்டார். அவர் பதிலைச் சொல்லித் தரவில்லை, காத்திருந்தார்.

"கீல் தகட்டை முதல்ல வச்சுட்டு, சட்டத்தைப் பின்னால சேக்கணும். வரிசையை மாத்தணும்." வெல்டர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பத்து நாள் வேணும்."

ஆலோசகர் பள்ளிக்கு அழைத்து, கைபேசியை அவரிடம் நீட்டினார். "நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா சாக்கு மாதிரி இருக்கும்."

அவர் சுற்றிவளைக்காமல் சொன்னார். "விரிசல் விட்டிருக்கு மேடம். இன்னிக்கு உடையல. ஒரு நாள் உடையும்."

மறுமுனையில் தலைமையாசிரியை தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "இன்னொருத்தரும் செஞ்சு தர்றேன்னு எழுதிக் கொடுத்திருக்காரு. நாளைக்கே ரெடின்னு சொல்றாரு. நான் கூட்டத்துல என்ன சொல்லட்டும்?" என்றார்.

"அவரு சோதனை பண்ணிட்டாரா மேடம்?"

"இல்ல."

"அப்ப அவரையும் இங்க வரச் சொல்லுங்க. இவங்க எல்லாருக்கும்தான் பண்ணித் தர்றாங்க. ஏறப்போறது பிள்ளைங்க."

வெல்டரின் காது கைபேசியோடு ஒட்டிக்கொண்டு வேர்த்தது.

"சரி," என்றார் தலைமையாசிரியை. "ரெண்டு பேருக்கும் பத்து நாள். யாரோடது நிக்குதோ அவருக்கு."

வெல்டர் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். பத்து நாளுக்குள் இன்னொரு சோதனை நேரம் கிடைக்குமா என்று ஆலோசகர் பரிசோதகரோடு அப்போதே வாதாட ஆரம்பித்திருந்தார்.

"எதிராளிக்கு நீங்களே வழி காட்டிட்டீங்க மாமா. உலகத்துல யாராவது இப்படிச் செய்வாங்களா?"

"வாயை மூடிக்கிட்டு அந்தப் பக்கத்தைத் தூக்கு," என்றார் வெல்டர். "சாயங்காலத்துக்குள்ள இந்தக் கீலை அறுத்து எடுக்கணும்."