அக்ஷிதா கைமாற்றிய கோப்பு

"கொஞ்சம் இருங்க, நீங்க சொன்ன மாதிரியே எழுதிக்கறேன்" என்று சொல்லி, நாற்காலியை மேசையைச் சுற்றி இழுத்துக்கொண்டு வந்து கட்சிக்காரரின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள் அக்ஷிதா. தான் எழுதுவது அவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் அவளுக்கு. நோட்டின் இடப்பக்கம் அவர்கள் பேச்சு, கொச்சை மாறாமல், வலப்பக்கம் சட்டப்பிரிவு. வலப்பக்கம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும்.

கோவையில் ஒரு சட்டக் கல்லூரியின் உதவி மையம் அது. சனிக்கிழமைதோறும் இறுதியாண்டு மாணவர்கள் வழக்குக் கேட்டு மனு எழுதுவார்கள். திருத்திக் கையெழுத்திட்டு வாதாடுவது வக்கீல் ராசம்மாள்.

சூலூர் பொற்கொடிக்கு நூல் மில்லில் வலக்கை விரல் இரண்டு போய்விட்டன. 'விபத்து' என்று அக்ஷிதா எழுதியதைப் பார்த்ததும் பொற்கொடி தலையை ஆட்டினாள்.

"விபத்துன்னு போடாதீங்க அம்மணி. மூடியில்லாத மிசினுங்க அது. வேண்டாம்னேன், ஓட்டச் சொல்லிப்போட்டாங்க."

அக்ஷிதா அந்தச் சொல்லை அடித்துவிட்டு, அவள் சொன்னதையே எழுதினாள். அதன்பின் பொற்கொடி வேறு யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அந்த மில்லை ஊரில் இன்னும் பழைய முதலாளியின் பெயரால்தான் சொல்வார்கள். மூன்றாம் வாரம் பொற்கொடி தேடிக் கொண்டுவந்த அடையாள அட்டையில் புதுப்பெயர் இருந்தது. போன வருடம் மில்லை வாங்கியவர் அரங்கசாமி. அக்ஷிதாவின் பெரியப்பா, தகப்பன் இல்லாதவளை வளர்த்தவர்.

அந்த நிமிடமே ராசம்மாளிடம் போய்ச் சொன்னாள். கோப்பு, உடன் படிக்கும் ஆரிஃப் கைக்கு மாறியது. முதலாளி தன் பெரியப்பா என்பதைப் பொற்கொடியிடம் தானே சொல்ல அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"ஏனுங்க, பாதி குடுத்தாக்கூட வாங்கிக்குவேன்னு உங்ககிட்டச் சொல்லிப்போட்டனே. அது அவுங்க காதுக்குப் போயிருமுங்களா?"

"போகாதுங்கக்கா. நான் சொல்லவே கூடாது. சொல்லவும் மாட்டேன்."

பொற்கொடி ஆரிஃப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அன்று பேருந்தில் கணபதி நிறுத்தம் வரும்வரை அக்ஷிதா நின்றுகொண்டே போனாள். சீட்டுகள் காலியாகத்தான் இருந்தன.

வழக்கு நடக்கிறது. போன ஞாயிறு மதியம் சாப்பிடும்போது அரங்கசாமி மெல்ல ஆரம்பித்தார்.

"உங்க காலேஜ்ல இருந்துதான் நோட்டீஸ் வந்திருக்குது. மொதல்ல நீதான் பாத்தியாமா. அந்தம்மா எவ்வளவுக்கு எறங்கி வரும் கண்ணு? ஊட்டுக்குள்ளதானே கேக்கறேன்."

அக்ஷிதா அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ரசக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.