விரல் நீட்டி எண்ணிய செடி

ஐம்பத்தெட்டாம் வருசத் தையில் நாகலாபுரத்துக் கரிசலில் பருத்தி பூத்தபோது, சுடலையம்மாள் புருசன் வீட்டில் இருப்பதா போவதா என்பதே அந்தக் காய்ப்பில்தான் இருந்தது. அவளுக்கு மூன்று மாதக் கரு கலைந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. மாமியார் வெயிலம்மாள் தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

“வயித்துலயும் தங்கல. காட்டுலயாவது தங்குதான்னு பாப்போம். இந்த வெள்ளாமையும் போச்சுன்னா, அண்ணன் வீட்டுக்கு ஓட்டப்பிடாரத்து பஸ்ல ஏறிக்கிட வேண்டியதுதான்.”

புருசன் கொம்பையா தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

ஆனால் பருத்தி என்றால் சுடலையம்மாளுக்கு உயிர். மூன்று இலைக்குள் ஒளிந்திருக்கும் மொட்டு, காலையில் மஞ்சளாய் விரிந்து மறுநாள் சிவந்து வாடும் பூ, பூ உதிர்ந்த இடத்தில் மிளகளவு பிஞ்சு, பத்து நாளில் சுண்டைக்காய், அப்புறம் கொட்டைப்பாக்கு, ஒன்றரை மாதத்தில் தோடு பிளந்து பிதுங்கும் வெள்ளை. எல்லாம் மனப்பாடம். வரப்போரத்துச் செடி ஒன்றில் அடையாளத்துக்குச் சேலைக் கிழிசலைக் கட்டி, தினமும் பிஞ்சை எண்ணினாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. பிஞ்சைச் சுட்டிக் காட்டினால் சூம்பிப் போகும், விரலை மடக்கித்தான் காட்ட வேண்டும் என்பது ஊர் நம்பிக்கை. எண்ணுகிற ஆசையில் அவள் விரலை நீட்டிவிட்டாள். வெயிலம்மாள் பார்த்துவிட்டாள்.

“விரல மடக்குடி. வயித்துல இருந்ததையும் இப்படித்தான் எண்ணியிருப்ப.”

மாசியில் நாலு நாள் வெயிலே இல்லாமல் மூடாப்புப் போட்டது. காயில் புழு இறங்கி, பிஞ்சு பொலபொலவென்று உதிர்ந்தது. சுடலையம்மாள் ஒரு காயைப் பிளந்து புருசனிடம் நீட்டினாள். உள்ளே புழு நெளிந்தது.

“பாருங்க. தின்னது இதுதான். என் விரல் இல்ல.”

“புழுவக் கூப்பிட்டது யாரு?” என்றாள் மாமியார்.

கொம்பையா காயைக் கையில் வாங்கவே இல்லை. மறுநாள் அவளை பஸ் ஏற்றிவிட்டான்.

அண்ணன் வீட்டிலும் அவள் நாளை எண்ணினாள். அந்தச் செடியில் கடைசிக் காயும் வெடித்திருக்கும் என்று தெரிந்த அன்று, பங்குனி வெயிலில் நாகலாபுரம் வந்து இறங்கினாள். காடு கருகிக் கிடந்தது. கிழிசல் கட்டிய செடி மட்டும் வெள்ளை வெளேரென்று நின்றது. அவள் விரல் காட்டிய செடி என்று பயந்துபோய் யாரும் தொடவில்லை போலும். தாயும் மகனும் தள்ளிச் சொத்தைக் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“நான் விரல் காட்டுன செடி இதுதான். எண்ணிப் பாருங்க” என்றாள் புருசனிடம்.

அவன் எண்ணினான். விரலை நீட்டியே எண்ணினான். முப்பத்தெட்டு. அவன் முகத்தில் வெட்கம் வந்தது. அந்த ஒரு நிமிசம் சுடலையம்மாள் மனசுக்குள் தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

“பாத்தியாலே” என்றாள் வெயிலம்மாள். “காட்டுக் காய்ப்பையெல்லாம் இந்த ஒத்தச் செடிக்கு இழுத்து வச்சிருக்கா.”

கொம்பையாவுக்கு அது போதுமானதாக இருந்தது. குனிந்து செடியை வேரோடு பிடுங்கி எறிந்தான். கரிசல் வெடிப்புகளுக்குள் பஞ்சு சிதறியது.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றான்.

அந்தக் கதை அவளுக்கு முந்தியே ஓட்டப்பிடாரம் போய்ச் சேர்ந்திருந்தது. அங்கே பருத்தி எடுக்க அவளைக் கூப்பிடத்தான் செய்தார்கள். அவளைப் போலத் தூசி தும்பில்லாமல் எடுக்க ஆளில்லை. ஆனால் காடு முழுக்க வெடித்து முடிந்த பிறகுதான் கூப்பிட்டார்கள். பூவையும் பிஞ்சையும் அதற்கப்புறம் யாரும் அவள் கண்ணில் காட்டவில்லை.